சுருவிலுக்குத் திரும்பி வந்த வாசல்நிலை

ஆவணி மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சுருவிலில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் பின்வருமாறு. விறாந்தையில், வடக்கே பார்த்த கதிரையில் அனலைதீவு மயில்வாகனம். மாப்பிள்ளை அரியநாயகத்தின் தகப்பன். அவருக்குப் பக்கத்தில் அவருடைய மைத்துனர் சின்னக்குட்டி. எதிரே நான். உள் அறையில் என் தம்பி தம்பிஐயாவின் மகள் மீனாம்பிகை. குசினியில் தம்பியின் மனைவி அன்னமுத்து. இவ்வளவு பேரும்தான். ஊரில் பலர் தாங்களும் ஆரம்பம் முதல் நின்றதாகச் சொல்கிறார்கள். அவர்கள் அழுகுரல் கேட்டுப் பின்னால் வந்தவர்கள்.

இருபத்து நான்கு வருஷம் விதானையாக இருந்து ஊர்ப் பதிவு எழுதியவன் நான். எதை எழுதினாலும் யார் யார் நின்றார்கள் என்று முதலில் எழுதிவிட்டே மற்றதைத் தொடுவேன்.

தம்பிஐயாவின் சுருட்டுக்கடை கொழும்புக் கோட்டையில் இருபது வருஷம் இருந்ததும், அந்தக் கடையையும் பக்கத்துக் கடைகளையும் இடித்துவிட்டு அங்கே ஏழு தட்டில் ஒரு கட்டடம் எழும்புவதும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கீழ்த் தட்டில் தனக்கு ஒரு கடை கிடைக்கும் என்று தம்பி எழுதியிருந்தான். அன்று முதல் இரண்டு வருஷமாக, அவனுடைய கடிதம் வரும்போதெல்லாம் அந்தக் கட்டடம் எங்கள் வீட்டுக்குள்ளும் வளர்ந்தது. அத்திவாரத்துக்குத் தோண்டிய குழியில் கடல் தண்ணீர் ஊறியது, இரும்புக் கம்பியைக் கூடு போலக் கட்டி அதற்குள் சீமெந்து ஊற்றியது, எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். படிக்கத் தெரியாத அன்னமுத்து, ஒரு தட்டு முடிந்தது என்று நான் வாசித்துச் சொன்னதும் குசினிச் சுவரில் கரியால் ஒரு கோடு இழுப்பாள். ஆறு கோடுகள் ஏறியிருந்தன.

மீனாம்பிகைக்கு இருபத்தேழு வயது. முன்பு பேசிய இரண்டு சம்பந்தங்கள் சரிவரவில்லை. அனலைதீவுக்காரர் சம்மதித்தது அந்தக் கீழ்த் தட்டுக் கடையை வைத்துத்தான். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பம் இல்லை.

கடைக்கு வாசல்நிலை அனுப்பியது என்னுடைய முடிவு. "வேண்டாம் அண்ணை, இங்கே எல்லாம் இரும்பும் கண்ணாடியும்" என்று தம்பி எழுதினான். எங்கள் குடும்பத்துக் கடைக்கு இரும்பு வாசலா என்று பதில் எழுதினேன். மீனாம்பிகையின் சீதனக் காணியில் நின்ற வேம்பைத் தறித்து, நல்ல நாள் பார்த்து, நிலை செய்வித்தேன். சந்தனம் பூசி, பட்டுத் துணியும் மாவிலையும் கட்டி, சித்திரையில், கொழும்புக்குச் சரக்கு ஏற்றும் சந்தியோகுவின் பாய்மர வத்தையில் ஏற்றினேன். ஊர்காவற்றுறைத் துறையில் முப்பது பேர் நின்று பார்த்தார்கள்.

அப்படி வாசலுக்கென்று சந்தனம் பூசி வெளியே இறக்கிய நிலை எங்கள் பகுதியில் திரும்பி வீட்டு வளவுக்குள் வருவதில்லை. வீட்டுக்காரன் இறந்துபோனால் மட்டும் வரும். அப்போதும் முன் படலையால் வராது. வேலியைப் பிரித்து, பிரேதம் போகிற பக்கத்தால் கொண்டுவருவார்கள்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

"ஏழாம் தட்டும் போட்டாச்சோ, விதானையார்?" என்று மயில்வாகனம் கேட்டார்.

"ஏறிக்கொண்டிருக்குது. ஐப்பசிக்குள்ள முடியுமெண்டு எழுதியிருக்கிறான்."

"ஏழு தட்டுக்கும் படியில ஏறினால் மனுசன் மேல போய்ச் சேர மத்தியானம் ஆயிடுமே," என்றார் சின்னக்குட்டி.

"படி இல்லை. ஒரு பெட்டி வைக்கினம். உள்ள நிண்டால் அது தூக்கிக்கொண்டு போகும்."

"எங்கட கிணத்து வாளி மாதிரி."

"வாளியில தண்ணி வரும். அதில வழக்குப் பேசுற அப்புக்காத்துமார் வருவினம்," என்றார் மயில்வாகனம். "மச்சான், நீர் ஒருக்கா ஏறிப் பாரும். அந்த உயரத்தில நிண்டால் அனலைதீவு தெரியும்."

"தெரிஞ்சால் நல்லதுதான். நீங்கள் என்ர எல்லையில எவ்வளவு தள்ளி வேலி அடைச்சிருக்கிறியள் எண்டும் தெரியும்."

நாங்கள் மூவரும் சிரித்தோம். நான் பஞ்சாங்கத்தை விரித்தேன். ஐப்பசி பத்தாம் திகதி தாலிக்குப் பொன்னுருக்கலாம் என்று மயில்வாகனம் விரலை வைத்தார். அந்த விரல் அந்தத் திகதியில் இருக்கும்போதுதான் வளவின் பின்பக்கத்தில் அன்னமுத்து கத்தினாள்.

முதல் சத்தத்தில் சொல் இல்லை. இரண்டாவதில் சொல் வந்தது. "என்ர ராசா, ஆரும் இல்லாத இடத்தில கிடந்து போட்டியளே."

நான் எழுந்து போனேன்.

கிணற்றடிக்கு மேற்கே வேலிக் கிடுகு இரண்டு கழற்றப்பட்டிருந்தது. அந்த இடைவெளியால் எங்கள் வேப்பம் நிலையின் பாதி உள்ளே வந்து நின்றது. வெளியே மறுபாதியைத் தூக்கியபடி சந்தியோகுவும் அவருடைய வத்தை ஆள் ஒருவரும். பட்டுத் துணி வெளிறிப் போயிருந்தது. மாவிலைகளில் நரம்பு மட்டும் மிச்சம். அன்னமுத்து நிலத்தில் இருந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் இருந்த குங்குமத்தைத் தன் கையாலேயே துடைத்துவிட்டாள். நான் கண்டபோது அது கன்னம் வரை இழுபட்டிருந்தது.

சந்தியோகு நிலையை இறக்கிவிட்டு என்னிடம் வந்தார். என் வீட்டுக்கு முப்பது வருஷமாக வந்து போகிறவர். அவருடைய குரல் எனக்கு மட்டும் கேட்டது.

"விதானையார், சம்பந்தகாரர் வந்திருக்கினம் எண்டு துறையில சொன்னாங்கள். அவையள் கண்டால் மரியாதை இல்லை எண்டுதான் படலையை விட்டிட்டுப் பின்னால வந்தனான். உங்கட ஆக்கள் வேலியை இப்பிடி நினைப்பினம் எண்டு எனக்குத் தெரியாது. நாங்கள் மாதா கோயில் வேதக்காரர், எங்களுக்கு உது இல்லை."

"தம்பி?"

"இருக்கிறார்."

"கடை?"

"கடை இல்லை. கீழ்த் தட்டு முழுக்க ஒரு வெள்ளைக்காரக் கொம்பனிக்குப் போட்டுது. அவர் அந்தக் கட்டடத்தில சீமெந்து சுமக்கிறார். கடையை இடிச்ச நாள் தொட்டுச் சுமக்கிறாராம். நிலை சீமெந்துக் கொட்டிலுக்கை கிடந்தது. சமைக்கிறவங்கள் விறகுக்குக் கொத்தப் பாத்தாங்களாம். பொறுக்க ஏலாமல் என்னட்டைத் தந்தவர்."

நான் திரும்பினேன். மயில்வாகனமும் சின்னக்குட்டியும் எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். சந்தியோகு சொன்னதை அவர்கள் கேட்கவில்லை. நிலையைப் பார்த்தார்கள், பிரித்த வேலியைப் பார்த்தார்கள், அன்னமுத்துவின் நெற்றியைப் பார்த்தார்கள். மயில்வாகனம் தோளில் இருந்த சால்வையை எடுத்து, செத்த வீட்டில் கட்டுவது போல இடுப்பில் கட்டினார். சின்னக்குட்டியும் கட்டினார்.

"எப்ப, விதானையார்?" என்றார் மயில்வாகனம்.

நான் பேசவில்லை.

"நேரிலை கண்டு கதைக்கக் குடுத்து வைக்கேல்லை. ஏழு தட்டு எழும்புறதை ஊருக்கெல்லாம் எழுதின மனுசன். அதில ஏறிப் பாக்கவும் குடுத்து வைக்கேல்லை." அவருடைய கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை. "ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. கலியாணம் ஒரு வருசம் தள்ளிப் போகும். போகட்டும். என்ர சொல் மாறாது. தகப்பன் இல்லை எண்டு நாங்கள் உந்தப் பிள்ளையை விடமாட்டம். கடை கிடை ஒண்டும் கேக்கவும் மாட்டம்."

"அதுதானே," என்றார் சின்னக்குட்டி. "செத்த மனுசனோட என்ன கணக்கு."

அப்போதும் நான் பேசவில்லை.

வேலிக்கு வெளியே அயலவர் கூடத் தொடங்கினார்கள். பந்தலுக்குத் தடி வெட்டட்டோ என்று ஒருவர் கேட்டார். வெள்ளை கட்டக் கட்டாடியாருக்குச் சொல்லி அனுப்பட்டோ என்று இன்னொருவர் கேட்டார். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஒருவன் தடி வெட்டப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பொய் சொன்னேன் என்று எவரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, வாயைத் திறக்காதவன் பொய் சொல்லியிருக்க முடியாது. அந்த நேரம் என் தலைக்குள் ஓடியது இது ஒன்றுதான்.

எட்டு வயதில் சாட்டிக் கடலில் தாழ்ந்துபோன தம்பியை முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டவன் நான். அந்த வெள்ளிக்கிழமை அவனை விட்டுவிட்டேன். சீமெந்து சுமக்கிற தம்பியை என் வீட்டில் எங்கே இருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. இறந்துபோன தம்பிக்கு இடம் இருந்தது.

மீனாம்பிகை உள்ளே இருந்து வந்தாள். நாள் குறிக்க வந்தவர்களுக்கென்று உடுத்த சேலை, தலையில் பூ. தாயின் பக்கம் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நேரே நிலையடிக்குப் போய்க் குந்தினாள்.

இரண்டு கிழமைக்கு முன் ஒரு கடிதத்தை வாசித்துவிட்டு அவள் என்னிடம் கேட்டது நினைவு வந்தது. "ஆறாம் தட்டில் காற்று அடிக்கும்போது வாளியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும்" என்று தம்பி எழுதியிருந்தான். "பெரியப்பு, கடைக்காரர் ஏன் வாளி பிடிக்கிறார்?" என்று கேட்டாள். மேற்பார்வை செய்கிறவன் எல்லாவற்றையும் அறிந்திருப்பான் என்று அதட்டி அனுப்பிவிட்டேன்.

இப்போது அவள் பட்டுத் துணியை விலக்கினாள். மரத்தின் ஒரு பக்கம் முழுக்கச் சீமெந்து தெறித்துக் காய்ந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு, நிலையின் கால்களைச் சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றைத் தொட்டாள்.

"சந்தியோகு அண்ணை, இது புதுக் கயிறு."

"ஓம் பிள்ளை."

"இது புகையிலைச் சிப்பத்துக்கு அப்பு போடுற முடிச்சு. வேற ஆரும் இப்பிடிப் போடுறேல்லை. எப்ப கட்டினவர்?"

சந்தியோகு என்னைப் பார்த்தார். அவருக்கு என்னிடம் பயம் கிடையாது. ஆனாலும் என் வீட்டுக் கதையை என் வளவில் நின்று தான் சொல்லக்கூடாது என்று நினைக்கிற மனிதர்.

"விதானையாரைக் கேள் பிள்ளை."

அவள் எழும்பவில்லை. குந்தியபடியே முகத்தை மட்டும் திருப்பினாள்.

"பெரியப்பு, சொல்லுங்கோ."

அன்னமுத்துவின் அழுகை நின்றுவிட்டது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"இருக்கிறான்," என்றேன்.

மயில்வாகனம்தான் கேட்டார். "என்ன செய்யிறார்?"

"அந்தக் கட்டடத்தில சீமெந்து சுமக்கிறான்."

"கடை?"

"இல்லை."

"எப்ப தொட்டு இல்லை?"

"இடிச்ச நாள் தொட்டு."

"இது உங்களுக்கு எப்ப தெரியும், விதானையார்?"

"நீங்கள் கிணத்தடிக்கு வர முன்னம்."

சின்னக்குட்டி மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார். "நல்ல குடும்பம் அத்தான். ஏழு தட்டு எண்டு சொன்னவை. ஒவ்வொரு தட்டிலும் ஒரு பொய்."

"நீர் சும்மா இரும்," என்றார் மயில்வாகனம். இடுப்பில் கட்டிய சால்வையை அவிழ்த்தார். உதறினார். தோளில் போட்டார். அதை அவர் மெதுவாகத்தான் செய்தார்.

"தகப்பன் கூலி வேலை செய்யிறார் எண்டு நீங்கள் தெரிஞ்ச உடனை சொல்லியிருந்தால், நான் யோசிச்சிருப்பன். மாட்டன் எண்டும் சொல்லியிருப்பன், ஓம் எண்டும் சொல்லியிருப்பன், எனக்குத் தெரியாது. ஆனால் கூடப் பிறந்தவன் உயிரோட இருக்க, நான் துக்கத்துக்குச் சால்வை கட்டுறதைப் பாத்துக்கொண்டு நிண்டீங்கள். அந்த வீட்டில என்ர பிள்ளையை விட ஏலாது."

நிமிர்ந்து நின்றேன். அது மட்டும்தான் என்னால் முடிந்தது.

போட்டு வாறம் என்று அவர்கள் சொல்லவில்லை. செத்த வீட்டில் இருந்து போகிறவர்களைப் போலச் சொல்லாமல் போனார்கள். விறாந்தையில் பஞ்சாங்கம் ஐப்பசி மாதத்தில் விரிந்தபடி கிடந்தது.

அயலவர் கலைந்தார்கள். வெட்டிய தடிகளை வேலியோரம் போட்டுவிட்டுப் போனார்கள்.

அன்னமுத்துவிடம் போய், முகத்தைக் கழுவிக் குங்குமம் வை என்று சொன்னேன். அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள்.

"துடைச்ச கை இது. இதால திரும்ப எப்பிடி வைக்கிறது, அத்தான்?"

"அவன் இருக்கிறான்."

"நான் மண்ணில கிடந்து குழறினனான். நீங்கள் எல்லாம் தெரிஞ்சுகொண்டு பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

குரலை உயர்த்தாமல் சொன்னாள். பிறகு குசினிக்குள் போனாள். சிறிது நேரத்தில் எட்டிப் பார்த்தேன். ஈரத் துணியால் சுவரில் இருந்த ஆறு கோடுகளையும் துடைத்துக்கொண்டிருந்தாள். கரி அழியவில்லை. பரவிச் சுவர் முழுக்கக் கறுத்தது. அவள் நிறுத்தவும் இல்லை.

சந்தியோகு கழற்றிய கிடுகுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். நிலை உள்ளே வந்துவிட்டது. வெளியே எடுக்கவும் வழி இல்லை, எந்த வாசலுக்கும் வைக்கவும் முடியாது. கிணற்றுக் கட்டோடு சாத்தி வைத்தோம். என் முழத்தால் அளந்து செய்வித்த நிலை. தம்பி என்னைவிடக் கட்டையன்.

"நான் பிழை விட்டிட்டன், விதானையார்," என்றார் சந்தியோகு.

"நீர் விடேல்லை."

"படலையால வந்திருக்க வேணும்."

"படலையால வந்திருந்தாலும் இதுதான்."

அவர் மடியில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். நான் கையை நீட்டினேன். இரண்டு வருஷமாகத் தம்பியின் கடிதங்கள் என் பெயருக்குத்தான் வந்தன. சந்தியோகு தயங்கினார்.

"இது பிள்ளைக்கு எண்டு சொல்லித் தந்தவர்."

மீனாம்பிகை அதை வாங்கிக் கிணற்றடியிலேயே நின்று வாசித்தாள். ஒரு தாள்தான். இரண்டு தரம் வாசித்தாள். அதில் என்ன இருந்தது என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மடித்து இடுப்பில் செருகினாள். தலையில் இருந்த பூவைக் கழற்றிக் கிணற்றுக் கட்டில் வைத்தாள்.

"சந்தியோகு அண்ணை, கொழும்புக்கு வத்தை திரும்ப எப்ப போகும்?"

"சோளகக் காத்து விழவேணும் பிள்ளை. வாடைக் காத்து துவங்கப் போவன். இன்னும் ரண்டு மாசம் கிடக்கு."

"பொம்பிளையளை ஏத்துவியளோ?"

சந்தியோகு கையில் இருந்த கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இந்த வீட்டில் எந்தப் பெண்ணும் வத்தை ஏறிக் கொழும்புக்குப் போனதில்லை. மீனாம்பிகை என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு என் பதில் தேவைப்படவில்லை என்பது எனக்கு விளங்கியது.

கடைசியாக ஒரு விஷயம். தம்பிஐயா கட்டடத்தின் மேல் தட்டில் இருந்து விழுந்து இறந்துவிட்டான் என்று ஊர்காவற்றுறையிலும் அனலைதீவிலும் பேசிக்கொள்கிறார்கள். வேலணையில் இருந்து இரண்டு பேர் துக்கம் விசாரிக்க வந்தும் போனார்கள். அது பிழை. தம்பிஐயா இறக்கவில்லை. கொழும்புக் கோட்டையில் ஏழாம் தட்டுக்குச் சீமெந்து சுமக்கிறான்.